குருதிக் குழாயைத் தைத்த மேதை

பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரம் பட்டு நெசவுக்கும் பூத்தையலுக்கும் பெயர் பெற்றது. அந்நகரின் அருகே 1873ஆம் ஆண்டில் அலெக்சிஸ் காரெல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், தாயின் அரவணைப்பில் வளர்ந்து மருத்துவம் பயின்றார்.

1894ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், லியோனுக்கு வந்திருந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோவைக் கொடியவன் ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய குருதிக் குழாய் அறுந்தது. தேர்ந்த மருத்துவர்கள் சூழ்ந்து நின்றும், அதனை இணைக்கும் வகை அறியாது கலங்கினர். சில மணி நேரத்தில் தலைவர் உயிர் நீத்தார்.

மாணவராயிருந்த காரெலின் உள்ளத்தை இந்நிகழ்ச்சி உறுத்தியது. அறுந்த குழாயையும் தைக்க இயலும் என அவர் நம்பினார். ஆனால், பருத்த ஊசி குழாயின் சுவரைக் கிழிக்கும். தையலில் குருதி உறைந்து வழியை அடைக்கும். ஆகவே அவர் பூத்தையலில் வல்ல பெண்மணி ஒருவரை அடைந்து, நுண்ணிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றார். குழாயின் வட்ட வாயை மூன்றிடங்களில் தையலிட்டு இழுத்து, முக்கோணமாக்கி, பக்கங்களை நேராகத் தைத்தார். இம்முறையை 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பின்னர் அமெரிக்கா சென்று, 1906 முதல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்தார். 1912ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது. மக்களை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனத் தரம் பிரிக்கும் தகாத கொள்கையைப் பிற்காலத்தில் ஆதரித்தது அவர் புகழுக்கு மாசாயிற்று. 1944ஆம் ஆண்டில் பாரிசில் மறைந்தார்.

அவர் வகுத்த தையற்கலையோ மறையவில்லை. மூளைக்குக் குருதி கொணரும் தமனி அடைபடின் பக்கவாதம் நேரும். வாய்க்கால் தூர்ந்தால் உழவர் மாற்றுக்கால் வெட்டிப் பயிரைக் காப்பர். அவ்வாறே 1967ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சூரிக் நகரில் யாசர்கில் என்னும் துருக்கிய மருத்துவர், தலைத்தோலின் தமனியை மண்டையோட்டின் வழியே உட்செலுத்தி, மூளைத் தமனியுடன் தைத்தார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள அத்தமனியை உருப்பெருக்கியின் துணையுடன் தைத்தார்.

இச்சிகிச்சை எல்லோர்க்கும் பயன் தருவதன்று. நோயாளிகளுள் மிகப் பலர்க்கு இதனால் பக்கவாதம் குறையவில்லை என்று 1985ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. எனவே மருத்துவர் ஆராய்ந்து தேர்ந்த சிலர்க்கே இன்று இது செய்யப்படுகிறது. அச்சிலர்க்கு அது வாழ்வளிக்கும் வழியாகும்.

ஒருவரைக் காக்க இயலாது போன துயரம், காரெலை ஊசி பிடிக்கச் செய்தது. பூத்தையற் கலையைக் கற்கத் தயங்காத அவருடைய பணிவே, அரிய மருத்துவத்திற்கு வித்தாயிற்று.