ஃபங்ஷனல் புரோகிராமிங் என்றால் என்ன? ஆலன் டூரிங் கதையும் தனுஷ்கோடி போட் மெயிலும்

சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். மறுபடி ரயில் பிடித்தால் கொழும்பு. 1914-ல் தொடங்கிய இந்த போட் மெயில் பயணம், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு முடிந்தது. ரயில் இறக்கிவிட்ட இடத்தில் கப்பலின் வேலை தொடங்கும். ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடாது.

ஐ.டி. இன்டர்வியூக்களில் கேட்கப்படும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். ஒன்றின் அவுட்புட், அடுத்ததன் இன்புட். இந்த முறையின் வரலாற்றில் மறக்க முடியாத பெயர் ஆலன் டூரிங்.

நம்ம ஊர் தொடர்பு

டூரிங்கின் அம்மா எத்தல் சாரா பிறந்தது கோவை போத்தனூரில். தாத்தா, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா, சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. 1912-ல் லண்டனில் பிறந்த டூரிங்கோ, பெற்றோர் இந்தியாவில் இருந்ததால் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தார்.

முந்திக்கொண்ட சர்ச்

படிப்படியான விதிகளை வைத்து எந்தக் கணக்கைப் போட முடியும், எதை முடியாது? 1936-ல், 23 வயதில், இந்தக் கேள்விக்கு ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்து டூரிங் பதில் சொன்னார். நீளமான நாடாவில் படிக்கும், அழிக்கும், மாற்றி எழுதும் இயந்திரம் அது.

ஆனால், சில வாரங்களுக்கு முன்பே அமெரிக்காவின் அலோன்சோ சர்ச் அதே முடிவை வெளியிட்டிருந்தார். அவரது ‘லாம்டா கால்குலஸ்’ முறையில் நாடா இல்லை, அழிப்பதும் இல்லை. எல்லாமே ஃபங்ஷன்கள்தான்.

மொத்த உழைப்பும் வீணாகியிருக்கலாம். டூரிங் ஒதுங்கிவிடவில்லை. இரண்டு முறைகளுக்கும் ஒரே அளவு திறன்தான் என்று நிரூபித்து, தன் கட்டுரையில் சேர்த்தார். பிறகு பிரின்ஸ்டனுக்குப் போய், சர்ச்சிடமே 1938-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

அடிப்படை என்ன?

* பியூர் ஃபங்ஷன்: ஒரே இன்புட்டுக்கு எப்போதும் ஒரே அவுட்புட். 100 ரூபாய்க்கு 18% வரி சேர்த்தால் எத்தனை முறை கேட்டாலும் 118. வெளியே எதையும் மாற்றாது.
* மாறாத டேட்டா: பழையதை அழித்து எழுதாமல், புதிதாக ஒன்றை உருவாக்குவது. அதனால் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

கடைசி நாட்கள்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ரகசியக் குறியீடுகளை உடைக்க உதவிய டூரிங்கை, தன்பாலின உறவுக்காக 1952-ல் பிரிட்டன் நீதிமன்றம் தண்டித்தது. 1954-ல், 41 வயதில் இறந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013-ல்.

இன்று பைத்தானில் நீங்கள் எழுதும் ‘லாம்டா’ சர்ச் தந்த பெயர். அந்த வழியிலும் கணினியின் எந்தக் கணக்கையும் போட முடியும் என்ற உறுதி, டூரிங் தந்தது.