எண்ணெய்ப் பேரரசை அசைத்த எழுதுகோல்

நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒளி தந்தது அரிக்கேன் விளக்கு. அதில் ஊற்றிய மண்ணெண்ணெயின் வரலாற்றில் பெருஞ் செல்வமும் உண்டு. எளியோரின் கண்ணீரும் உண்டு. அக்கண்ணீரை மறவாமல் உண்மையை எழுதிவைத்தவர் ஒரு பெண்மணி. அவரே ஐடா டார்பெல் அம்மையார்.

ஐடா 1857-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். 1859 ஆகஸ்டு மாதம் அம்மாநிலத்து டைட்டஸ்வில் ஊரருகே எட்வின் டிரேக் என்பவர் ஏறத்தாழ 69 அடி ஆழம் துளையிட்டு எண்ணெய் கண்டார். பள்ளத்தாக்கெங்கும் எண்ணெய்க் கிணறுகள் தோன்றின. ஐடாவின் தந்தை பிராங்க்ளின், எண்ணெயைச் சேர்த்துவைக்கும் மரத்தொட்டிகளைச் செய்து பிழைத்தார். பின்பு தாமே எண்ணெய் எடுக்கும் தொழிலில் இறங்கினார்.

1870-இல் கிளீவ்லாந்து நகரில் ஜான் டி. ராக்பெல்லர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைத் தொடங்கினார். அவர் கடும் உழைப்பாளி, சிக்கனக்காரர், ஞாயிறுதோறும் ஆலயம் செல்பவர். ஆயினும் 1872-இல் அவரும் வேறு சில ஆலை அதிபர்களும் இரயில்வே கம்பெனிகளுடன் இரகசிய உடன்பாடு ஒன்று செய்துகொண்டனர். அதன்படி அவர்களுக்குச் சரக்குக் கட்டணம் குறையும், மற்றவர்களுக்கு உயரும். மற்றவர் செலுத்தும் கட்டணத்திலும் ஒரு பங்கு இவர்களுக்கே வந்து சேரும்! செய்தி வெளியானதும் எண்ணெய்ப் பகுதி மக்கள் கொதித்தெழுந்தனர். உடன்பாடு கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் கிளீவ்லாந்தில் போட்டியிட்ட 26 ஆலைகளுள் 22 ராக்பெல்லர் வசமாகிவிட்டன. சில ஆண்டுகளில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவர் கைக்குள் வந்தது.

ஐடாவின் தந்தை அவருக்குப் பணிய மறுத்தார். தொழில் நொடித்தது. கூட்டாளி ஒருவர் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற கடனை அடைக்கத் தந்தை வீட்டை அடமானம் வைத்தார். கிளர்ச்சி நடந்தபோது ஐடாவுக்கு வயது 14. அன்று கண்டது அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1876-இல் அலகேனி கல்லூரியில் சேர்ந்தபோது அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். பட்டம் பெற்று இரண்டாண்டு ஆசிரியப் பணி செய்தார்; பின்பு பத்திரிகைத் துறையில் நுழைந்தார். மக்ளூர் என்னும் மாத இதழில் நெப்போலியன், லிங்கன் ஆகியோரின் வரலாறுகளை எழுதிப் புகழ் பெற்றார்.

ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றை எழுத அவர் முனைந்தபோது தந்தையே அஞ்சித் தடுத்தார். ஐடா பின்வாங்கவில்லை. நீதிமன்ற ஆவணங்கள், அரசு விசாரணை அறிக்கைகள் ஆகியவற்றைத் தேடித் தேடிப் படித்தார். அப்போது வியப்பான சான்று ஒன்று கிடைத்தது. அக்கம்பெனியில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை ஒரு சிறுவனுக்கு. ஒருநாள் அக்காகிதங்களில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரைக் கண்டான். அவர் தனியாக எண்ணெய் வணிகம் செய்தவர். அவர் அனுப்பும் சரக்கைப் பற்றிய விவரங்களை இரயில்வே ஊழியர்கள் இரகசியமாகத் தெரிவித்து வந்தது அவற்றால் விளங்கிற்று. சிறுவன் அவற்றை எரிக்காமல் ஆசிரியரிடம் சேர்த்தான். அவர் ஐடாவிடம் ஒப்படைத்தார்.

1902 நவம்பரில் தொடங்கிய கட்டுரைத் தொடர் 1904-இல் நூலாக வெளிவந்தது. ராக்பெல்லரின் நிருவாகத் திறமையை ஐடா மறைக்கவில்லை. அவர் வழிகளின் நேர்மையின்மையையே கண்டித்தார். 1911 மே 15-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அக்கம்பெனியை 34 கம்பெனிகளாகப் பிரிக்கத் தீர்ப்பளித்தது.

விந்தை என்னவென்றால், பிரிந்த கம்பெனிகளின் பங்குகள் விலையேறி, ராக்பெல்லர் முன்னிலும் செல்வரானார்! அவர் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வாரி வழங்கினார் என்பதும் உண்மையே. அக்கொடையால் உயிர் பிழைத்தோர் பலர். ஆயினும் அடமானம் போன வீடுகளின் கதையைக் கொடை அழித்துவிடாது. ஈகை உயர்ந்தது, நேர்மையாக ஈட்டுதல் அதற்கும் முந்தியது.

ஐடா செல்வம் சேர்க்கவில்லை. முதுமையிலும் எழுதியே வாழ்ந்தார். 1944 ஜனவரி 6-ஆம் நாள், தம் 86-ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே! அவர் கையில் இருந்தவை உண்மையைத் தேடும் பொறுமையும் ஓர் எழுதுகோலுமே. அந்த எழுதுகோல் நம் கையிலும் இருக்கிறது. கோபத்தால் அன்று, ஆராய்ந்தறிந்த உண்மையால் அநீதியை எதிர்க்க நாமும் கற்றுக்கொள்வோமாக!