சாக்ரடீஸ்
கிரேக்க தேசத்து ஆதென்ஸ் நகரில் கற்சிற்பியொருவரின் புதல்வராய்ப் பிறந்த சாக்ரடீஸ் ஒரு நூலும் எழுதினாரில்லை. கடைவீதியில் நின்று, நீதி யாது, வீரம் யாது என்று வினவி, விடையளிப்போர் சொற்கொண்டே அவர்தம் முரண்பாட்டை விளக்குவதே அவர் முறை.

கி.மு. 406-ல் சேனாதிபதிகளைச் சட்டவிரோதமாக ஒருசேர விசாரிக்க ஜனங்கள் கூச்சலிட்டபோது, சபைத் தலைமைக் குழுவில் அவர் ஒருவரே மறுத்தார். பின்னர்க் கொடுங்கோலர் முப்பதின்மர் நிரபராதியான லியோனைப் பிடித்துவர ஏவினர். அவரோ வீடு திரும்பினார். மீண்ட ஜனநாயகமே கி.மு. 399-ல் அவருக்கு விஷமளித்தது. நண்பர் தப்புவிக்க முன்வந்தும் இசைந்தாரில்லை.

அவர் வாதத்தைக் காந்தியடிகள் 1908-ல் குஜராத்தியில் வெளியிட்டார். 1910-ல் பம்பாய் சர்க்கார் அதைத் தடுத்தனர். கேள்விக்கு அஞ்சுவது அன்னிய ஆட்சி மாத்திரமன்று, ஜனக்கூட்டமும் அஞ்சும். ஆதலின் தேசபக்தர் முதலில் தம் கட்சியையே கேள்வி கேட்கக் கற்பாராக.