வாயில் பைப், கையில் துப்பாக்கி: ஓசூர் காட்டை எழுதிய கென்னத் ஆண்டர்சன்

ஓசூர் என்றால் இன்று தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி பக்கம் விரியும் காடுகளை உலக வாசகர்களுக்குக் கொண்டுபோனவர் ஒரு வேட்டைக்காரர்.

யார் இவர்?

கென்னத் ஆண்டர்சன் 1910-ல் ஹைதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சாவளி, ஆனால் குடும்பம் பல தலைமுறைகளாக இந்தியாவில்தான். பெங்களூருவில் படித்தவரைச் சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே மனசு ஒட்டல. பாதியிலேயே திரும்பிவிட்டார். முன்னோரின் ஊர்தான் அவருக்கு வெளிநாடு! பிறகு தபால் தந்தித் துறை, விமானத் தொழிற்சாலை என்று வேலை பார்த்தார். லீவு கிடைத்தால் காடு. கன்னடமும் தமிழும் நன்றாகப் பேசுவார்.

பைப் எங்கே வருகிறது?

அவருடைய வேட்டைக் கதைகளில் பைப் ஒரு துணைப் பாத்திரம் மாதிரி. புகையிலையை அடைத்து, பற்றவைத்து, நிதானமாக யோசிப்பார். ஊர்க்காரர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார். பரண்மேல் ஏறிவிட்டால் கதை வேறு. தீக்குச்சி வெளிச்சமோ சின்ன அசைவோ போதும், காட்டிக்கொடுத்துவிடும். இரவு முழுக்க ஆடாமல் அசையாமல் காத்திருக்கணும்.

ஜவளகிரியில் என்ன நடந்தது?

1954-ல் வந்த முதல் நூலிலேயே ஜவளகிரி ஆட்கொல்லிப் பெண்புலியின் கதை இருக்கிறது. இணையாக இருந்த ஆண்புலியை மனிதர்கள் சுட்டுவிட, அந்தப் பெண்புலி ஆள் அடிக்கத் தொடங்கியது. ஆண்டர்சன் ஆண்புலியைப்போல் குரல் கொடுத்து அதை வரவழைத்துச் சுட்டார். ஊர் நிம்மதியானது. ஆனாலும் துணை தேடி வந்த புலி அது என்பது மனசை உறுத்தும். புலி ஆட்கொல்லியாவதில் மனிதனுக்கும் பங்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

பிறகு?

பிற்காலத்தில் துப்பாக்கியைவிட கேமராவை விரும்பினார். காடு அழிவதைப் பற்றிக் கவலையோடு எழுதினார். 1974-ல் காலமானார்.

அவர் அலைந்த ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் வனச்சரகங்களில் 686 சதுர கி.மீ. பரப்பு 2022-ல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஓசூரின் ஆலைகள் ஒருபக்கம் வளர, மறுபக்கம் அந்தக் காடு இன்னும் மிச்சமிருக்கிறது.