கணித மேதை வொல்தேரா

இத்தாலியின் அங்கோனாத் துறைமுகத்தில் 1860ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் பிறந்தவர் வீத்தோ வொல்தேரா. இரண்டு வயதிலே தந்தையை இழந்த இவர், தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். வறுமையிலும் கல்வியை விடாது, 23ஆவது வயதிலே பீசாவிற் பேராசிரியரானார். 1900இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

முதலாம் உலகப் போரின்போது அத்திரியாத்திக்குக் கடலில் மீன்பிடி குறைந்தது. அப்போது சந்தைக்கு வந்தவற்றுள், பிற மீன்களைத் தின்னும் சுறா முதலியவற்றின் பங்கு கூடியிருந்தது. அவர் மகளை மணந்த உயிரியலாளர் தங்கோனா இதன் காரணத்தை வினவினார்.

1926இல் வொல்தேரா இரு சமன்பாடுகளால் விடை தந்தார். இரை பெருகினால் அதனை உண்பனவும் பெருகும். உண்பன மிகுந்தால் இரை அருகும். இரை அருகவே உண்பனவும் குறையும். இரை மீண்டும் தலையெடுக்கும். இரண்டையும் ஒருங்கே பிடித்து வந்தால், சராசரியில் இரை கூடும், உண்பன குறையும். பிடிப்பதைக் குறைத்தால் மறுதலையாகும். அமெரிக்காவில் உலொற்கா என்பாரும் இச்சமன்பாடுகளைத் தனித்துக் கண்டு, 1925இல் நூலில் வெளியிட்டிருந்தார்.

நமது நீர்வேலித் தோட்டங்களுக்கும் இதிற் பாடமுண்டு. பயிரைத் தின்னும் பூச்சியோடு, அப்பூச்சியைத் தின்னும் பூச்சியையும் மருந்து கொன்றால், பின்னர் முன்னதே பெருகக்கூடும்.

1931இல் முசோலினியின் அரசு, பேராசிரியர்கள் தனக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்யவேண்டுமெனப் பணித்தது. ஏறத்தாழ 1,200 பேருள் மறுத்தவர் பன்னிருவரளவே. அவருள் வொல்தேராவும் ஒருவர். பதவி பறிபோயிற்று, உறுதி குலையவில்லை. 1940 ஒக்டோபர் 11ஆம் நாள் உரோமாபுரியில் மறைந்தார்.

முசோலினியின் ஆட்சி 1943இல் வீழ்ந்தது. வொல்தேராவின் சமன்பாடுகளை மாணவர் இன்றுங் கற்கின்றனர். வாலிப அன்பர்களே, கல்வியும் நெஞ்சுறுதியும் ஒருங்கே வாய்த்த இப்பெரியாரை நாம் மறவாதிருப்போமாக.