இடது கைக்கு ஐந்து கட்டைகள்

கம்ப்யூட்டர் ‘மவுஸ்’ மரக்கட்டையாகத்தான் பிறந்தது. அதன் தந்தை டக்ளஸ் எங்கல்பார்ட்.

அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரில் 1925-ல் பிறந்தார். கடற்படையில் ராடார் வேலை பார்த்தார். பிறகு கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவர் யோசனைப்படி 1964-ல் பில் இங்கிலிஷ் என்ற எஞ்சினீயர் மரப்பெட்டியில் இரண்டு சக்கரம் பொருத்தி முதல் மவுசைச் செய்தார்.

ஆனால் எங்கல்பார்ட் மவுசை மட்டும் நம்பியவர் அல்ல! வலது கைக்கு மவுஸ். இடது கைக்கு ஐந்தே கட்டைகள். ஆர்மோனியம் போல ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து அழுத்தினால் 31 விதம். எழுத்தும் அதிலேயே, கட்டளையும் அதிலேயே. டைப் பலகைக்கும் மவுசுக்கும் கை அலைய வேண்டாம். 1968 டிசம்பர் 9-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் சுமார் ஆயிரம் பேர் முன்னிலையில் 90 நிமிடம் செய்து காட்டினார். சபை எழுந்து நின்று கை தட்டியது.

பழகுவது கஷ்டம் என்றார்கள் பலர். மூன்று சக்கர வண்டிக்குப் பழக்கம் வேண்டாம்; சைக்கிளுக்கு வேண்டும், ஆனால் வேகம் சைக்கிளில்தான் என்பது அவர் கட்சி. அது எடுபடவில்லை. 1984-ல் ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ் ஒரே பொத்தான் மவுசோடு வந்தது. ஐந்து கட்டை பரண் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், வெட்ட, நகல் எடுக்க, ஒட்ட அதே மெக்கின்டாஷ் வைத்த குறுக்கு வழிகள் இடது கைப் பக்கத்து எழுத்துக்களில்தான்!

எங்கல்பார்ட் 2013 ஜூலை 2-ந் தேதி, தமது 88-வது வயதில் காலமானார்.