அயல் நாட்டில் சொந்த பாஷை

பிழைப்பை நாடிக் கடல் கடந்து செல்லும் நம்மவர் எந்தப் பாஷையைப் பேசுவது, குழந்தைகளுக்கு எதைக் கற்பிப்பது என்னும் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. இவ்விஷயத்தில் மகாத்மா காந்தியின் அயல்நாட்டு வாழ்க்கை நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்ற இளைஞர் காந்தி, ஆங்கிலேயக் கனவானாக விளங்க ஆசைப்பட்டுப் பிரெஞ்சு பாஷையும் இங்கிலீஷ் பிரசங்க வித்தையும் பயிலப் பணம் செலவிட்டார். அம்மோகம் சுமார் மூன்று மாதத்தில் தெளிந்தது. ஆனால் அவர் இங்கிலீஷை வெறுத்தாரில்லை. 1893-ல் ஒரு வழக்கின் நிமித்தம் தென்னாப்பிரிக்கா சென்றவர், பிரிட்டோரியாவில் இங்கிலீஷ் தெரியாத இந்தியர் படும் சங்கடத்தைக் கண்டார். உடனே ஒரு நாவிதருக்கும், ஒரு குமாஸ்தாவுக்கும், ஒரு சில்லறைக் கடைக்காரருக்கும் அவரவர் இடம் தேடிச் சென்று இலவசமாக அப்பாஷையைக் கற்பித்தார்.

1894-ல் டர்பனில் எஜமானனிடம் அடிபட்டுப் பல் உடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலியாள் அவரிடம் வந்து அழுதார். அவருடைய துயரத்தைக் காந்தி ஒரு தமிழ்க் குமாஸ்தாவின் வாயிலாகவே அறிய வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் கப்பலிலும் சிறையிலும் தமிழ்ப் புஸ்தகமும் கையுமாக இருந்தார். தம்மை நம்பி வந்த ஏழைகளின் பாஷையை அறிவது தம் கடமையென்று கருதினார். 1903-ல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை இங்கிலீஷ், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய நான்கிலும் வெளிவந்தது. தக்க ஆட்கள் கிடைக்காமையால் தமிழ், ஹிந்திப் பகுதிகள் 1906-ல் நின்றன. 1909-ல் லண்டனிலிருந்து திரும்புகையில் கப்பலிலேயே ஹிந்த் ஸ்வராஜைக் குஜராத்தியில் எழுதி, பின்னர் தாமே இங்கிலீஷில் பெயர்த்தார். 1910-ல் ஏற்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் குழந்தைகளுக்கு அவரவர் தாய்பாஷையில் பாடம் நடந்தது; இங்கிலீஷும் கற்பிக்கப்பட்டது.

வீட்டிலோ தம் புதல்வரோடு அவர் குஜராத்தியே பேசினார். உடன் வசித்த நண்பர் போலக்குக்கு இது பிடிக்கவில்லை. இளமையிலிருந்தே இங்கிலீஷ் பேசினால் பிள்ளைகள் வாழ்க்கைப் போட்டியில் முந்துவார்களென்று அவர் வாதாடினார். காந்தி இணங்கவில்லை. குழந்தைகளை அந்நிய பாஷையிலேயே நினைக்கவும் பேசவும் பழக்கும் பெற்றோர், குழந்தைகளுக்கும் தேசத்துக்கும் துரோகம் செய்கிறார்களென்பது அவர் கொள்கை. முறையான பள்ளிக் கல்வி கிட்டவில்லையென்று மூத்த புதல்வர் ஹரிலால் மனம் வருந்தியது மெய்யே. அக்குறை பள்ளியைப் பற்றியது; தாய்பாஷையைப் பற்றியதன்று. ஆங்கிலேய நண்பர் சூழ்ந்த அவ்வீட்டில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தானாகவே வந்தது.

இதன் தாத்பரியம் யாது? சென்ற நாட்டின் பாஷை கடைவீதியிலும் நீதிமன்றத்திலும் தானே நம்மைத் தேடி வரும். அதைக் கற்பது அறிவுடைமை. தாய்பாஷையோ வீட்டில் பேசினாலன்றி நிலைக்காது. காந்தியோடு சிறை சென்ற தென்னாப்பிரிக்கத் தமிழரின் சந்ததியாரில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இன்று வழங்குவது இங்கிலீஷே. பள்ளியில் தமிழுக்கு இடமின்மையும் பிழைப்பின் நெருக்கடியும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளின; அவர்களை நாம் குறைகூறோம். ஆனால் அத்தகைய நெருக்கடி ஏதுமின்றி, பெருமைக்காகவே தம் மக்களிடம் தமிழ் பேச நாணுவோர் என்ன சமாதானம் சொல்லப் போகிறார்கள்?